பத்து லட்சத்துச் சொச்சம்

மின்சார மீட்டருக்கு ஒரு சத்தம் உண்டு. பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட ஈ, முட்டி முட்டிக் களைத்துப்போன பிறகு போடுமே ஒரு முனகல், அது மாதிரி. நடமாடுகிறவர்களுக்கு அது கேட்காது. கரண்ட் போகும்போது சட்டென்று நின்றுவிடும். அப்போதுதான் இவ்வளவு நேரமும் அது கத்திக்கொண்டிருந்தது என்று தெரியும். எனக்குப் பதினோரு வயதானபோது, எழுபதுகளின் பின்பாதியில், டெல்லி கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருந்த வீட்டின் முதல் மாடி அறையில், ஐந்து மாதம் மல்லாந்து படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டர் கதவுக்கு மேலே இருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது.

ஏப்ரலில் தொண்டை வலி என்று ஆரம்பித்து, முழங்கால்கள் வீங்கி, பிறகு காய்ச்சல் இதயத்தைப் பிடித்துக்கொண்டது. 'ருமாட்டிக் ஜுரம்' என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, முழு ஓய்வு, மூன்று மாதமாவது படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அம்மா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தைகள் வார்டில் இந்த நோயோடு வந்து திரும்பிப் போகாத பிள்ளைகளை அவள் தன் கையால் துடைத்து அனுப்பியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் அம்மா ஒரு கொடுமைக்காரி என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாளே ஜன்னல் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்த என்னைப் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து பூட்டு. "எந்திச்சு நடந்தேன்னா நெஞ்சுக்குள்ள இருக்கிற வால்வு கிழிஞ்சிரும், பாத்துக்கோ" என்று அவள் சொன்ன வார்த்தைக்கு, கழுத்தைப் பிடித்து அமுக்கும் பலம் இருந்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. அப்பா ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். அடித்ததில் ஒரு எழுத்து தப்பினாலும் வெள்ளை பூசி மறைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. முழுத்தாளையும் உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிப்பார். அப்படிப் போன தாள்களை எனக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் ஆபீஸ், மறு பக்கம் வெள்ளை. காலையில் இரண்டு பேரும் கிளம்பும்போது அம்மா தன் யூனிபாரத்தில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து என் நாடியை எண்ணி எழுதுவாள். பிறகு பூட்டுகிற சத்தம். சாவி கீழ்வீட்டு 'மாதாஜி'யிடம் போகும். அவர் பகல் ஒரு மணிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, சாப்பாடு கொடுத்து, பெட்பேனை எடுத்து, "லேட்டீ ரஹ்னா, பேட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டு போவார். படுத்தே இரு, மகளே. வேறென்ன செய்யப் போகிறேன்?

அறையில் அசைகிற பொருள்கள் இரண்டே இரண்டு. ஒன்று மின்விசிறி. இன்னொன்று மீட்டருக்குள் சுற்றும் தகடு. அதில் ஒரு சிவப்புக் கோடு வந்து வந்து போகும். எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்தேன், நானூறு வரை. அழுகை வந்தது, விட்டுவிட்டேன். சந்தில் பிள்ளைகள் கல்லை அடுக்கிப் பந்தால் அடித்துத் தள்ளுகிற 'பிட்டூ' விளையாடும் கூச்சல் ஜன்னல் வழியே வரும். பந்து சுவரில் படுகிற சத்தத்தை வைத்தே யார் எறிந்தது என்று சொல்லிவிடுவேன். பூசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆறாம் வகுப்புப் பாடத்தில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டிக்குள் விழுந்த எறும்பு மாதிரி கிடந்தேன்.

மே மாதக் கடைசியில் மீட்டர்வாலா வந்தார். மாதாஜி கதவைத் திறந்துவிட, அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சட்டைக் கையால் மீட்டர் கண்ணாடியை ஒரு துடைப்புத் துடைத்தார். தூசி போனதும் மேலே பொறித்திருந்த எண் பளிச்சென்று தெரிந்தது. கீழே ஓடுகிற எண் தினமும் மாறும். அது நாங்கள் எரித்த கரண்ட். மேலே இருந்தது மீட்டரின் சொந்த எண், அது மாறவே மாறாது. 1022117. பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. என் கல்யாண நாளை மறந்திருக்கிறேன்; இந்த எண்ணை ஒரு நாளும் மறந்ததில்லை.

வேலையில்லாதவள் என்ன செய்வாள், அதைப் பிடித்துக்கொண்டேன். படுத்தபடியே மனசுக்குள் வகுத்தேன். ஒற்றைப்படை, ஆகவே இரண்டு இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் பதினாலு, ஆகவே மூன்று இல்லை. கடைசியில் ஏழு, ஆகவே ஐந்து இல்லை. ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம். பதினொன்றால் எட்டு மிச்சம். பதிமூன்றால் மறுபடியும் ஐந்து. காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் வரைக்கும் வகுப்பில் பகா எண்கள் நடந்துகொண்டிருந்தன. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாதது பகா எண். ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க, அதைவிடச் சிறிய எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாம். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டுகிறதோ, அதற்குக் கீழே உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அந்த வாரம்தான் நான் பொருத்தனை செய்துகொண்டேன். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது பெரிய வார்த்தை. பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, டிரான்ஸ்பருக்கு என்று எல்லாவற்றுக்கும் பொருத்தனை உண்டு; செய்தால் காப்பாற்றியே ஆக வேண்டும், தவறினால் சும்மா விடாது என்று ஞாயிறு பள்ளியில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் ஆண்டவரிடம் சொன்னது இதுதான்: இந்த எண் ஏதாவது ஒன்றால் மிச்சமில்லாமல் உடைந்தால் எனக்குக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன். உடையாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டேன், எழுந்தால் என் நெஞ்சு கிழியட்டும். இப்போது எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன், மீட்டருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

அப்பாவின் தாள்களில் ஒன்று முதல் ஆயிரம் வரை எழுதி, இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு என்று அடித்துக்கொண்டே போய், மிஞ்சிய பகா எண்களை எடுக்க ஜூன் மாதம் முழுக்க ஆயிற்று. நூற்று அறுபத்தெட்டு மிஞ்சின. அம்மா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தலையணையைச் சாய்த்து உட்கார விடுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் நாலு வகுத்தல். இரண்டு தடவை சரிபார்த்து. முப்பத்தேழு, இருபத்தொன்பது மிச்சம். நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு, ஒன்றும் ஆகவில்லை. ஐம்பத்தொன்பதில் மிச்சம் ஒன்று. ஒன்றே ஒன்று! அடுத்த அறுபத்தொன்றிலும் ஒன்று. எழுபத்தொன்றில் மறுபடியும் ஒன்று. நூற்றொன்றால் வகுத்தபோது வேறு மாதிரி, இன்னும் மூன்று இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். யாரோ கதவைத் திறக்கிற மாதிரி கைப்பிடியை ஆட்டி ஆட்டி விளையாடுகிறார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது. பென்சிலைத் தூக்கி மீட்டர் மேலேயே எறிந்தேன். அது கதவோரம் போய் விழுந்துவிட்டது. மாதாஜி வருகிற வரைக்கும், எட்டடி தூரத்தில் கிடந்த அந்தப் பென்சிலைப் பார்த்தபடி கிடந்தேன்.

ஜூலையில் மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார். எங்கள் வீட்டில் 'சொச்சம்' என்று ஒரு சொல் எதற்கெடுத்தாலும் ஓடும். ஊருக்கு ரயிலில் இரண்டு நாள் சொச்சம், ஆபீசுக்கு ஒரு மைல் சொச்சம். "மூணு மாசத்துச் சொச்சம் ஆகும் போல" என்றாள் அம்மா, மருந்தை எடுத்து வைத்தபடி. அந்தச் சொச்சம் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நான் ஏன் ஆயிரத்தோடு நிறுத்தினேன்? ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். என் எண் பத்து லட்சத்துச் சொச்சம். சரி, ஆயிரம் வரை போதும் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆகஸ்டு நடுவில், வெளியே நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், பட்டியலின் கடைசி எண்ணான தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழால் வகுத்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மிச்சம். இரண்டு தடவை, மூன்று தடவை போட்டேன், அதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். அழக்கூட இல்லை. அது உடையாத எண். அப்படியென்றால் இந்த அறைதான், இனிமேல் எப்போதும். மீட்டர் முனகிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டுச் சிரித்தார். காய்ச்சல் இல்லை, நாடி நன்றாக இருக்கிறது, நாளையிலிருந்து அறைக்குள் பத்தடி இருபதடி நடக்கலாம் என்றார். அம்மா அன்று கேசரி கிளறினாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்து எழுப்பினாள். நான் எழுந்திருக்கவில்லை.

முடியாது என்றேன். வலிக்கிறதா என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை, பிறகு கோபம் வந்தது, பிறகு பயந்துபோனாள். கெஞ்சினாள், இரண்டு அடியும் வைத்தாள், வைத்துவிட்டு அவளே தரையில் உட்கார்ந்து தேம்பினாள். படுத்தே கிடந்தால் கால் சதை கரைந்துவிடும், அப்புறம் நடக்க நினைத்தாலும் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பள்ளிக்கூடத்திலும் இந்த மாதத்துக்குள் வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் கால்களைக் கீழே போட நினைத்தாலே நெஞ்சுக்குள் ஏதோ கிழிவது போல இருந்தது. இப்போது யோசித்தால், பொருத்தனையைவிடப் பயம்தான் பெரிது என்று தோன்றுகிறது. ஐந்து மாதம் 'எழுந்தால் செத்துப்போவாய்' என்று கேட்டவளிடம் திடீரென்று எழுந்திரு என்றால் எப்படி? பயத்துக்கு ஒரு எண் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

நாலு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பா கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, ஒன்றுமே கேட்காமல் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். அப்பாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீட்டர், பொருத்தனை, நூற்று அறுபத்தெட்டு வகுத்தல். அவர் சிரிக்கவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. தலையணைக்கு அடியிலிருந்த தாள்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். தலையைத் தூக்கி மீட்டரைப் பார்த்து எண்ணைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

"நான் ஒரு தடவ சரிபாத்துட்டு வாரேன். அது வரைக்கும் நீ எந்திக்கவும் வேண்டாம், எந்திக்க மாட்டேன்னு சொல்லவும் வேண்டாம். சரியா?" என்றார்.

சரி என்றேன்.

மூன்று நாள் அவர் தாமதமாக வந்தார். வலது கையை உதறிக்கொண்டே வருவார். அம்மா தேங்காயெண்ணெய் சூடு பண்ணி மணிக்கட்டில் தேய்த்துவிடுவாள். ஆபீசில் டைப் அடிக்கிற வேலை ஜாஸ்தி என்றார். நான்காம் நாள் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். மத்தியானம் வந்தவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மீட்டருக்குக் கீழே கதவு நிலையில் இருந்த ஆணியில் குத்தினார். நடுவில் ஒரே ஒரு வரி டைப் அடித்திருந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்ததே தவிர, படிக்க முடியவில்லை.

"ஒடஞ்சிட்டு புள்ள. ரெண்டா ஒடஞ்சிட்டு" என்றார். எதால் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். வந்து பாத்துக்கோ."

அம்மா சமையல் மூலையில் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பிறகு காலைக் கீழே போட்டேன். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி, இன்னொரு அடி. பென்சில் கிடந்த இடத்தைத் தாண்டினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் கிழியவில்லை. நான் கதவை நெருங்குகிற நேரத்தில் அப்பா தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

திறந்த கதவில் வெயில் இருந்தது. படிக்கட்டு இருந்தது. கீழே சந்து முழுக்க, எதிர் வீட்டு மாடியில் காய்கிற சிவப்பு மிளகாய், குல்பி வண்டிக்காரர், பிட்டூ கல்லை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள். அதிலொருத்தி நிமிர்ந்து பார்த்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தலைக்கு மேலே அந்தத் தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஆணியில் தாள் இல்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு பள்ளிக்கூடம், விட்டுப்போன பாடங்கள், வேறு வீடு. கல்லூரியில் படிக்கும்போது ஏதோ சண்டையில் அம்மா, "ஒங்கப்பா செல்லம் கொடுத்துக் கெடுத்தாவ. அன்னைக்கு ஒன்ன எழுப்புததுக்கு ஒரு பொய்ய டைப் அடிச்சுத் தொங்கவிட்டாவளே, அது மாதிரி" என்றாள். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். ஆயிரம் வரைக்கும் உடையாதது பிறகு எப்படி உடையும்? ஆனால் ஒரு எழுத்து தப்பினால் முழுத்தாளையும் கிழிக்கிற மனிதர், எனக்காக ஒரு பொய்யை அடித்திருக்கிறார். அந்தப் பொய்யை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவர் இருந்தவரை கேட்கவில்லை. கேட்டால் ஒன்று, அவர் தலைகுனிய வேண்டும், இல்லையென்றால் இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அந்த எண்ணை அதன் பிறகு நான் வகுத்ததும் இல்லை. எண்களோடு எனக்கு இருந்த சங்காத்தமே அதோடு போயிற்று.

போன மாதம் ஒரு வேலையாக டெல்லி போனபோது மெட்ரோவில் இறங்கி அந்தச் சந்து வீட்டைத் தேடிப் போனேன். வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம், கீழே துணிக்கடை. வாசலில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் எல்லா வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருந்தன. தகடு இல்லை, சிவப்புக் கோடு இல்லை, சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. காதை வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தங்கியிருந்த அறைக்குத் திரும்பியதும் என்ன தோன்றியதோ, ஒரு தாளை எடுத்தேன். போனில் தட்டினால் ஒரு நொடி. ஆனால் பென்சிலால்தான் போட வேண்டும் போல இருந்தது. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆயிரத்துக்கு மேலே முதல் பகா எண் எது? ஆயிரத்தொன்று இல்லை, ஏழால் போகும். ஆயிரத்து மூன்று இல்லை, ஆயிரத்து ஏழு இல்லை. ஆயிரத்து ஒன்பது. 1022117-ஐ 1009-ஆல் வகுத்தேன். 1013 தடவை. மிச்சம் பூஜ்யம்.

ஆயிரத்து ஒன்பது பெருக்கல் ஆயிரத்துப் பதிமூன்று. ஆயிரத்து ஒன்பதுதான் நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகா எண். பத்து லட்சத்துக்கு மேலே இருந்த இருபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தை அற்பமென்று தள்ளிவிட்டிருந்தேன். கதவு அதற்குள்தான் இருந்தது. ஆயிரத்துப் பதினொன்றைத் தன்னாலேயே பெருக்கி அதில் நாலைக் கழித்தால் என் எண். அது வரைக்கும் போயிருக்க வேண்டியவள், ஒரே ஒரு வகுத்தலுக்கு முன்னால் படுத்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். எண்பத்தைந்து வயதிலும் காது நன்றாகக் கேட்கிறது. அப்பா சொன்னது பொய்யில்லை, அந்த எண் நிஜமாகவே உடைகிறது என்றேன்.

"அதான் அந்தக் கை அப்படி வீங்கிச்சா" என்றாள். "டைப் அடிக்கிறவியளுக்கு வெரலு தான நோவும். மணிக்கட்டு ஏன் வீங்குதுன்னு அப்பவே நெனச்சேன்."

அப்பாவின் ஆபீசில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடுகிற ஒரு மெஷின் இருந்தது. காய்ச்சலுக்கு முந்தின வருடம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனபோது என்னைச் சுற்ற விட்டிருக்கிறார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. என் தாள்களை அவர் நம்பியிருந்தால் ஒரே ஒரு வகுத்தலோடு முடிந்திருக்கும், கை வலித்திருக்காது. இரண்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்.

எத்தனை கணக்கு போட்டிருப்பார் என்று அம்மா கேட்டாள். நூற்று அறுபத்தொன்பது என்றேன்.